வீவக வீட்டில் வானொலிச் சுருள்: சரியான இழைக்கம்பியைத் தேர்ந்தெடுப்பது எப்படி

சிங்கப்பூரில் வீவக எனப்படும் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் ஜன்னலுக்கு வெளியே முப்பது மீட்டர் கம்பி இழுத்து ஆன்டெனா கட்ட முடியாது. மீடியம் வேவ் (ஏஎம் வானொலி) கேட்க வேண்டும் என்றால், மேசைமேல் வைக்கிற ஃபெரைட் (காந்தப் பண்புள்ள பீங்கான்) தண்டும் அதன்மேல் சுற்றிய சுருளும்தான் நமக்கு ஆன்டெனா. ஆகவே சுருள் நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கும். சுருளின் தரத்தைப் பெருமளவு தீர்மானிப்பது கம்பி. புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்புவதும் இந்தக் கம்பி விஷயத்தில்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒலி 96.8 கேட்க இந்தச் சுருள் தேவையில்லை, அது எஃப்எம். மீடியம் வேவில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கடல் தாண்டிய நிலையங்கள், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. என் அப்பா 1053 கிலோஹெர்ட்ஸில் தூத்துக்குடியைத் தேடுவார். இங்கிருந்து அது சுமார் 3,000 கிலோமீட்டர். கேட்கும் இரவும் உண்டு, கேட்காத இரவும் உண்டு. அந்த மெல்லிய ஒலியை வீணாக்காத சுருள் வேண்டும் என்றுதான் நான் இந்தக் கம்பிகளைப் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் படி: மின்னோட்டம் எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள்

நேர்மின்னோட்டம் செம்புக் கம்பியின் முழுத் தடிமனிலும் ஓடும். மாறுமின்னோட்டம் அப்படி இல்லை. அலைவெண் கூடக்கூட அது கம்பியின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும். இதைப் புறப்பரப்பு விளைவு என்பார்கள். ஆழத்தைக் கணக்கிட எளிய வழி இருக்கிறது: அலைவெண்ணை ஹெர்ட்ஸில் எழுதி, அதன் வர்க்கமூலத்தால் 66ஐ வகுத்தால் செம்பில் அந்த ஆழம் மில்லிமீட்டரில் வரும்.

வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு அது 9 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 100 கிலோஹெர்ட்ஸுக்கு 0.21. அப்பாவின் 1053 கிலோஹெர்ட்ஸுக்கு 0.064 மட்டுமே. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒற்றைக் கம்பியை 1 மெகாஹெர்ட்ஸில் பயன்படுத்தினால், நடுவில் இருக்கும் செம்பு ஏறக்குறைய சும்மாதான் இருக்கிறது. நேராக நீட்டிய கம்பியிலேயே மின்தடை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும்.

அதைச் சுருளாகச் சுற்றினால் நிலைமை இன்னும் மோசம். பக்கத்துச் சுற்றின் காந்தப்புலம் மின்னோட்டத்தைக் கம்பியின் ஒரு பக்கமாகத் தள்ளும். இது அண்மை விளைவு. மீடியம் வேவ் சுருளில் பெரிய இழப்பு பல நேரங்களில் இதனால்தான் வருகிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து: ஒரு தடித்த கம்பிக்குப் பதிலாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே எனாமல் என்ற மின்காப்புப் பூச்சு பூசிய பல மெல்லிய இழைகள். இதற்குப் பெயர் லிட்ஸ் கம்பி. இழை, பின்னல் என்ற பொருள் தரும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்த பெயர்.

இரண்டாம் படி: இழையின் தடிமன் முதலில், எண்ணிக்கை பிறகு

கடையிலோ இணையத்திலோ கம்பி தேடும்போது நம் கண் முதலில் போவது எண்ணிக்கைக்கு. நூறு இழை என்றால் ஐம்பதைவிட நல்லது என்று தோன்றும். அது தவறான வரிசை. ஒரு இழையின் விட்டம் உங்கள் அலைவெண்ணுக்குப் பொருந்தாவிட்டால், இழைகளைக் கூட்டுவதால் பெரிய பயன் இல்லை. சில வேளைகளில் இழப்பு கூடவும் செய்யும், ஏனென்றால் ஒவ்வொரு இழையும் மற்ற இழைகளின் காந்தப்புலத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கம்பி தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவுகள் இவை. 20 முதல் 50 கிலோஹெர்ட்ஸ் வரை 0.127 மில்லிமீட்டர் இழை. 100 முதல் 200 வரை 0.08. 200 முதல் 350 வரை 0.063. 350 முதல் 850 வரை 0.05. 850இலிருந்து 1.4 மெகாஹெர்ட்ஸ் வரை 0.04. அதற்கும் மேலே 2.8 மெகாஹெர்ட்ஸ் வரை 0.03. மீடியம் வேவ் முழுவதையும் ஒரே சுருளில் பிடிக்க நினைப்பவர்கள் 0.04 அல்லது 0.05 வாங்குங்கள். என் கை 0.05க்குத்தான் போகும். கேட்பதில் பெரிய வித்தியாசம் இல்லை, இழையும் எளிதில் அறுவதில்லை.

இந்த அளவுகளை வீட்டிலேயே பார்க்கலாம். கெட்டுப்போன வயர்லெஸ் சார்ஜர் இருந்தால் திறந்து பாருங்கள். உள்ளே தட்டையாகச் சுற்றிய சுருள் பெரும்பாலும் லிட்ஸ்தான், ஏனென்றால் அது வேலை செய்வது 100 முதல் 200 கிலோஹெர்ட்ஸ் வாக்கில். இண்டக்‌ஷன் அடுப்புக்குள்ளும் அதே வகைதான், ஆனால் இழை இன்னும் தடிமன். பேருந்து, ரயில் கட்டணத்துக்குத் தட்டும் ஈஸிலிங்க் அட்டை 13.56 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. அங்கே மின்னோட்டம் 0.018 மில்லிமீட்டர் ஆழம்தான் போகும். அவ்வளவு மெல்லிய இழைகளை முறுக்குவது நடைமுறைக்கு ஒத்துவராது, எனவே அந்த அட்டைக்குள் லிட்ஸ் இல்லை. உங்களுக்கும் அதே விதிதான்: 3 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே சிற்றலைக்குச் சுருள் செய்கிறீர்கள் என்றால் லிட்ஸை விட்டுவிடுங்கள். தடித்த ஒற்றைக் கம்பியைச் சுற்றுக்குச் சுற்று இடைவெளி விட்டுச் சுற்றுங்கள்.

மூன்றாம் படி: முறுக்கைப் பாருங்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இழைக்கம்பிகளின் குணம் வேறுபடுவது இங்கேதான்.

முதல் வகை, கருவிகளுக்குள் இணைப்புக் கொடுக்கும் சாதாரண ஹூக்கப் வயர். பிளாஸ்டிக் உறைக்குள் பல செம்பு இழைகள் இருக்கும், ஆனால் இழைகளுக்கு எனாமல் இல்லை, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். வானொலி அலைவெண்ணில் இது ஒரே தடித்த கம்பி போலத்தான் நடந்துகொள்ளும். இழைக்கு இழை தாவும் இடங்களில் செம்பு கறுத்துவிட்டால் ஒற்றைக் கம்பியைவிட மோசமாகும். நான் முதன்முதலில் வாங்கியது இதைத்தான். லிட்ஸ் என்று எழுதி விற்றார்கள், நானும் நம்பி ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து சுற்றினேன். டயலைத் திருப்பினால் நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. இப்போது எந்தக் கம்பி கைக்கு வந்தாலும் முதலில் ஒரு சோதனை செய்கிறேன். நுனியில் இழைகளை விரித்து, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் இரண்டு இழைகளின் பக்கவாட்டில் வைப்பேன், வெட்டிய முனையில் அல்ல. பீப் சத்தம் வந்தால் அது லிட்ஸ் இல்லை.

இரண்டாம் வகை, எனாமல் இழைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே திசையில் முறுக்கிய ஒற்றைப்புரிக் கம்பி. பழைய டிரான்சிஸ்டர் வானொலியின் ஃபெரைட் தண்டில் இருப்பது இதுதான், அதிலும் சில இழைகள் மட்டுமே. விலை குறைவு, சுற்றுவதற்கும் எளிது. குறை என்னவென்றால், வெறுமனே முறுக்கும்போது நடுவில் மாட்டிய இழை கடைசிவரை நடுவிலேயே இருந்துவிடும். ஓரத்தில் இருப்பது ஓரத்திலேயே சுற்றும். ஓரத்து இழைகள் மின்னோட்டத்தை வாங்கிக்கொள்ள, நடு இழை சும்மா இருக்கும்.

மூன்றாம் வகையில் அந்தக் குறை பெரிதும் தீர்கிறது. சில இழைகளை முறுக்கி ஒரு புரி, அப்படிப்பட்ட புரிகள் மூன்றோ ஐந்தோ சேர்த்து மறுபடி முறுக்கி ஒரு கம்பி. தேங்காய் நார்க் கயிறு திரிப்பதும் இப்படித்தானே? முப்புரிக் கயிற்றில் எந்தப் புரியும் நடுவில் நிரந்தரமாக உட்கார முடியாது. மூன்று கால் சடையில் ஒவ்வொரு காலும் ஒருமுறை மேலே வந்து ஒருமுறை உள்ளே போவதுபோல, இங்கே ஒவ்வொரு இழையும் தன் முறைக்கு வெளியே வருகிறது. புரிகளைச் சேர்க்கும்போது ஐந்துக்கு மேல் போனால் ஒன்று நடுவில் விழ இடம் கிடைத்துவிடும். அதனால்தான் நல்ல கம்பிகளில் மேல்நிலை முறுக்கில் 3, 4, 5 என்ற எண்களையே பார்ப்பீர்கள்.

ஒரு புரிக்குள் எத்தனை இழை இருக்கலாம்? மின்னோட்டம் போகும் ஆழத்தை இழையின் விட்டத்தால் வகுத்து, இரண்டால் பெருக்கி, வர்க்கப்படுத்துங்கள். 1 மெகாஹெர்ட்ஸில் 0.05 இழைக்கு 7 வரும், 0.04 இழைக்கு 11. இதைச் சற்றுத் தாண்டினால் கம்பி கெட்டுவிடாது, பலன் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆக, 50 இழைக் கம்பி இரண்டு கிடைக்கிறது, ஒன்று மொத்தமாக முறுக்கியது, மற்றது பத்துப் பத்தாக ஐந்து புரி என்றால், கொஞ்சம் கூடுதல் வெள்ளி கொடுத்து இரண்டாவதை வாங்குங்கள்.

மற்ற வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும். புரிகளை நூல்தண்டு ஒன்றைச் சுற்றி முறுக்கியது உண்டு, நடுவில் செம்பே இல்லாமல் செய்யும் உத்தி அது. பட்டையாகப் பின்னியதும், சதுரமாக அழுத்தியதும் உண்டு. அவை பெரிய மின்னோட்டத்துக்கானவை, நம் மேசைக்கு வேண்டாம்.

நான்காம் படி: சீட்டைப் படிப்பது, வாங்குவது

50×0.05 என்று இருந்தால் 0.05 மில்லிமீட்டர் இழைகள் ஐம்பது. 50/44 என்று இருந்தால் ஐம்பது இழை, ஒவ்வொன்றும் அமெரிக்க அளவில் 44ஆம் எண். இரண்டும் ஒன்றுதான். 46ஆம் எண் என்றால் 0.04 மில்லிமீட்டர். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய சரக்குகளில் பிரிட்டிஷ் எஸ்டபிள்யூஜி அளவு போட்டிருக்கும். அதில் 44 என்பது 0.081 மில்லிமீட்டர், 46 என்பது 0.061. எந்த அளவுமுறை என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

மேலே சுற்றியிருப்பது பட்டா நைலானா என்றும் பாருங்கள். பட்டு பழங்காலத்திலிருந்து பெயர் பெற்றது, இழப்பும் குறைவு, ஆனால் ஈரத்தை உறிஞ்சும். நம் ஊரில் காற்றே பாதி தண்ணீர். நனைந்த உறை சுருளின் தரத்தைக் கண்கூடாகக் குறைக்கும். நான் நைலான் உறையே வாங்குகிறேன்.

எனாமல் எந்த வகை என்பதும் முக்கியம். பாலியூரித்தேன் எனாமல் என்றால் சால்டரிங் அயர்னின் சூட்டிலேயே கரைந்துவிடும். அதிக வெப்பம் தாங்கும் மற்ற எனாமல்கள் கரையாது. இவ்வளவு மெல்லிய இழைகளை உப்புத்தாளால் தேய்க்கவும் முடியாது, அறுந்துவிடும். “நேரடியாக சால்டர் பிடிக்குமா?” என்று கேட்டு வாங்குங்கள்.

எங்கே? ஜாலான் புசாரில் சிம் லிம் டவருக்கு ஒரு நடை போய்வாருங்கள். தேக்காவிலிருந்து நடக்கிற தூரம்தான். ஃபெரைட் தண்டு, கெப்பாசிட்டர், சால்டர் போன்றவற்றைத் தேட அதுதான் நல்ல இடம். லிட்ஸ் கிடைக்கவில்லை என்றால் இணையத்தில் மீட்டர் கணக்கில் விற்பவர்களிடம் வாங்கலாம். பழைய பொருள் வாங்கும் கரங்குனிக்காரரிடம் பழைய வானொலி ஒன்று கிடைத்தால் அதன் தண்டை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், கம்பியை அல்ல. பத்து மீட்டர் வாங்கினால் மூன்று தடவை தப்பு செய்து பார்க்கலாம்.

வீட்டிலேயே முறுக்க விரும்பினால் 0.1 மில்லிமீட்டர் எனாமல் கம்பியில் மூன்று இழையைக் கை டிரில்லில் மாட்டி முறுக்கி, அப்படி மூன்று புரி செய்து, அவற்றைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குங்கள். ஒன்பது இழை வரும். வாங்கிய லிட்ஸுக்கு ஈடாகாது, ஆனாலும் ஒற்றைக் கம்பியைவிடக் கேட்கத் தகுந்த முன்னேற்றம். பிள்ளைகளோடு செய்ய நல்ல வேலை.

ஐந்தாம் படி: சுற்றுதல்

முதல் சுருளுக்கு 10 மில்லிமீட்டர் விட்டமும் 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஃபெரைட் தண்டு போதும். மீடியம் வேவுக்கு 61 என்ற எண் கொண்ட ஃபெரைட் வகை ஏற்றது. 365 பிக்கோஃபாரட் சுழல் கெப்பாசிட்டரோடு 530 கிலோஹெர்ட்ஸ் வரை கீழே இறங்க, சுருளின் இண்டக்டன்ஸ் (மின்தூண்டல் அளவு) 240 மைக்ரோஹென்றி வாக்கில் வேண்டும்.

கம்பியை நேராகத் தண்டின்மேல் சுற்றாதீர்கள். நடுவே ஒரு குழாய் வேண்டும், அதைத் தண்டில் நகர்த்த முடிய வேண்டும். காகிதக் குழாய் என்று பல வழிகாட்டிகளில் இருக்கும். குளிர்நாட்டில் அது சரி, இங்கே காகிதம் ஈரம் குடிக்கும். பிவிசி குழாயும் வேண்டாம், வானொலி அலைவெண்ணில் இழப்பு அதிகம். பாலிப்ரொப்பிலீன் நல்லது. சாப்பாடு பொட்டலம் கட்டித் தரும் பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன்தான். ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் கோப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி உருட்டினாலும் சரி.

அறுபது சுற்றில் தொடங்குங்கள். சுற்றுக்கு ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் கம்பி, ஆக இரண்டரை மீட்டர், நுனிகளுக்குச் சேர்த்து மூன்று மீட்டர். ஒரே அடுக்காக, இழுத்துப் பிடிக்காமல், கம்பி மடங்காமல் சுற்ற வேண்டும். ஒரு மடிப்பில் நாலைந்து இழை அறுந்துபோகும், வெளியே தெரியாது. தண்டின் நடுவில் இண்டக்டன்ஸ் அதிகம், ஓரத்துக்கு நகர்த்தினால் குறையும். இண்டக்டன்ஸை அளக்கும் எல்சிஆர் மீட்டர் இருந்தால் பார்த்து, தேவைக்கு மேல் இருந்தால் ஒவ்வொரு சுற்றாகக் கழற்றுங்கள். முடிந்ததும் மேலே வார்னிஷ் பூசாதீர்கள், அது இழப்பைக் கூட்டும். இரண்டு முனைகளிலும் சிறிய நாடா போதும்.

ஆறாம் படி: நுனி

எல்லாம் சரியாகச் செய்தவர்களும் சறுக்கும் இடம் இது. ஐம்பது இழையில் நாற்பதுக்கு மட்டும் சால்டர் பிடித்தால் உங்களிடம் இருப்பது நாற்பது இழைக் கம்பி. மீதி பத்தும் சும்மா இருந்தால்கூடப் பரவாயில்லை, காந்தப்புலத்தில் கிடந்து இழப்பைக் கூட்டும்.

நுனியைக் கூரான கத்தரியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். நைலான் உறையை ஒரு சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளுங்கள், இழைகளைப் பிரிக்க வேண்டாம். சால்டரிங் அயர்னை 390 டிகிரி செல்சியஸில் வைத்து, முனையில் பெரிய ஈயத்துளி ஒன்றை உருக்குங்கள். கம்பியின் வெட்டிய முனையை முதலில் துளிக்குள் விட்டு, மெதுவாக உள்ளே தள்ளுங்கள். எனாமல் உருகிக் கறுப்பாக வெளியேறும், ஈயம் மேலேறும். ஐந்து மில்லிமீட்டர் ஏறினால் நிறுத்திவிடலாம். கறுத்த ஈயத்தைத் துடைத்துவிட்டுப் புதிய ஈயத்தில் ஒருமுறை காட்டுங்கள்.

அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உருகிய வெள்ளீயம் செம்பைக் கரைக்கும், 0.05 மில்லிமீட்டர் இழையை விரைவாகவே தின்றுவிடும். காரீயம் கலக்காத சால்டரில் இது இன்னும் வேகம். அதனால் இந்த ஒரு வேலைக்கு 63/37 சால்டரையே (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) நான் வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் கை கழுவுங்கள். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள், பாலியூரித்தேன் புகை நுரையீரலுக்கு ஆகாது. ஆஸ்பிரின் மாத்திரைமேல் கம்பியை வைத்துச் சுடும் பழைய முறையை யாராவது சொல்லித்தந்தால், மரியாதையாகக் கேட்டுக்கொண்டு செய்யாமல் விடுங்கள். அந்தப் புகை இன்னும் கடுமை.

ஏழாம் படி: எல்லா இழையும் சேர்ந்ததா?

சாதாரண மல்டிமீட்டர் அரை ஓமை நம்பகமாக அளக்காது. அதற்கு ஒரு சுற்றுவழி. யூஎஸ்பியின் 5 வோல்ட்டை, 47 ஓம், 1 வாட், 1 சதவீத ரெசிஸ்டர் வழியாகச் சுருளுக்குள் விடுங்கள். ரெசிஸ்டரின் இரு முனைக்கும் இடையே உள்ள வோல்ட்டேஜை அளந்து 47ஆல் வகுத்தால் மின்னோட்டம் தெரியும். அப்புறம் சுருளின் நுனிகளில் மில்லிவோல்ட்டை அளந்து, அதை மின்னோட்டத்தால் வகுத்தால் சுருளின் மின்தடை வரும்.

50×0.05 கம்பி மீட்டருக்கு 0.175 ஓம், மூன்று மீட்டருக்கு 0.53. முறுக்கினால் இழைகள் கொஞ்சம் நீளம் கூடுவதால் 0.54 வந்தாலும் சரிதான். 0.58க்கு மேல் வந்தால் நாலைந்து இழையாவது போயிருக்கிறது. நுனியை வெட்டி மறுபடி ஈயம் ஏற்றிப் பாருங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது, புதுக் கம்பி எடுக்க வேண்டியதுதான்.

நேனோவிஎன்ஏ என்ற சிறிய அலைவெண் அளவிடும் கருவி வைத்திருப்பவர்கள் சுருளையும் கெப்பாசிட்டரையும் இணைத்து, கருவியோடு இணைத்த சிறு கம்பி வளையம் இரண்டை அருகில் வைத்து, உச்சியிலிருந்து 3 டெசிபெல் இறங்கும் இரண்டு இடங்களைக் குறியுங்கள். உச்சி அலைவெண்ணை அந்த இடைவெளியால் வகுத்தால், சுருளின் தரத்தைக் காட்டும் கியூ என்ற எண் வரும். வளையங்களைத் தள்ளித் தள்ளி வைத்து, மதிப்பு மாறாமல் நிற்கும் தூரத்தில் படியுங்கள். 1000 கிலோஹெர்ட்ஸில் கியூ 50 என்றால் அகலம் 20 கிலோஹெர்ட்ஸ். இந்தப் பகுதியில் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்பதால் இரு பக்கத்து நிலையங்களும் உள்ளே வந்துவிடும். கியூ 200க்குப் போனால் அகலம் 5 கிலோஹெர்ட்ஸ், நிலையங்கள் பிரிந்து நிற்கும், குரல் சற்று மந்தமாகும்.

கருவி எதுவும் இல்லாதவர்கள் இரவு பத்து மணிக்கு மேல் வீட்டு எல்ஈடி விளக்குகளையும் சார்ஜர்களையும் அணைத்துவிட்டு, தண்டைக் கிடைமட்டமாகப் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்க்கலாம். நிலையம் தண்டின் பக்கவாட்டில் இருக்கும்போது ஒலி உரக்க வரும், தண்டின் முனை நிலையத்தை நோக்கினால் மறையும். தூத்துக்குடி நமக்கு மேற்கு, கொஞ்சம் வடக்கு. ஆகவே தண்டை ஏறக்குறைய வடக்குத் தெற்காக வைத்து 1053இல் தொடங்குங்கள். கேட்டு முடித்ததும் சுருளைக் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பையோடு போட்டு மூடிவையுங்கள்.